அப்பப்பாவின் வில்லுக்கத்தி

அப்பப்பாவின் பழைய வில்லுக்கத்தி ஒன்று பெட்டகத்துக்குள் கிடைத்தது. அலகில் 'ரொட்ஜர்ஸ், ஷெஃபீல்ட்' என்றிருக்கிறது. அலகு கறுத்து, மூட்டு இறுகிவிட்டது. மினுக்கி வைக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

மினுக்க வேண்டாம்! அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பழைய கார்பன் உருக்கு தானாகப் போர்த்திக்கொண்ட படலம். அதைச் சுரண்டினால் கத்தி புதிதாகாது, மதிப்புத்தான் குறையும். சிவந்த துருவை மட்டும், எண்ணெய் தொட்ட மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாக எடுங்கள். சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். சுழலும் கல்லின் சூட்டில் அலகின் பதம் போய்விடும், பெயரும் அழிந்துவிடலாம்.

மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஓர் இரவு விடுங்கள். பலவந்தமாகத் திறந்தால் முதலில் உடைவது உங்கள் நகம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பசையாகிவிடும். (அப்பப்பா அதைத்தான் விட்டிருப்பார் என்று சந்தேகிக்கிறேன்.)

தோலுறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடி இறுகிய டப்பாவும், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். வெள்ளவத்தை மாமி கேட்டாலும் அவர் வீட்டுக் கடற்கரைப் பக்க அலுமாரிக்கு அனுப்பாதீர்கள். உப்புக்காற்றுக்கு உருக்கென்றால் கொள்ளை ஆசை.

அலகின் அடியில் நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் தெரிகிறதா? அது ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. கிரீடத்துடன் 'வி.ஆர்.' என்றும் இருந்தால், பெரும்பாலும் 1901க்கு முந்திய விக்டோரியா காலத்துக் கத்தி. அப்படியானால் மாம்பழம் வெட்ட வேறு கத்தி பாருங்கள்.