உப்பு கெடுக்கும் வினையூக்கி

அன்புள்ள தம்பிக்கு,

புராஜெக்டுக்குக் கிளிசராலை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. பெரிய முதலியார்சாவடிப் பிள்ளைக்கு அதில் ஒரு தனி உரிமையே உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

எண்ணெயிலிருந்து நூறு கிலோ பயோடீசல் எடுத்தால், கூடவே சுமார் பத்துக் கிலோ கிளிசரால் வந்துவிடும். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. கிளிசரால் குவியும், அப்படியே எஞ்சினில் ஊற்றவும் முடியாது. டீசலில் கரையாது, சரியாக எரியாவிட்டால் அக்ரோலின் என்ற நச்சுப்புகை வரும்.

கிளிசராலையே அசிட்டோனோடு வினைபுரிய வைத்தால் சோல்கெட்டால் கிடைக்கும். பெட்ரோலில் கலந்தால் ஆக்டேன் எண் உயரும். வினைக்கு அமிலம் தேவை. கந்தக அமிலம் கலனை அரிக்கும், பிரித்தெடுக்கவும் பாடு. திண்ம அமிலமானால் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம்.

ஆம்பர்லிஸ்ட்-15 அப்படி ஒரு பிசின். நம் ஊர்ப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) விடுதிகளின் வாட்டர் சாஃப்ட்னரில் இருக்கும் பிசினும் இதே குடும்பம்தான். அதில் சோடியம் அயனி இருக்கும். தீர்ந்ததும் உப்புத் தண்ணீர் விட்டு ஏற்றுவார்கள். வினையூக்கியில் அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி. பயோடீசல் ஆலையில் சோடியம் காரம் போடுவதால், கச்சா கிளிசராலில் சோடியம் உப்பு தங்கிவிடுகிறது. அது பிசினில் ஏறி ஹைட்ரஜனை வெளியே தள்ளும். வெளியேறிய அமிலம் கரைசலில் இருந்தபடி வினையை நடத்தும். அதனால் முதல் ஓட்டம் அருமையாகத் தெரியும்! இரண்டாம் ஓட்டத்தில்தான் வினையூக்கி செத்தது புரியும். முதல் ஓட்டத்தை மட்டும் காட்டும் ஆய்வை நான் நம்புவதில்லை.

தண்ணீரும் எதிரிதான், வினையில் தானே பிறந்து, வினையைப் பின்னோக்கித் திருப்பும். நீரை விலக்கும், சிலிக்கா மிகுந்த பீட்டா ஜியோலைட் அங்கே கைகொடுக்கும்.

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்தினசாமியும் டி. சீனிவாஸும் வேரிலேயே கைவைத்தார்கள். இரும்பு, துத்தநாகச் சயனைடு கொண்ட திண்ம வினையூக்கியால் பயோடீசலையே செய்தார்கள். காரம் இல்லை, ஆகவே கிளிசராலில் உப்பும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

நீ தூய கிளிசராலில் தொடங்கு, அதோடு நிறுத்திவிடாதே. நம் ஊர்ப் பக்கத்து மரக்காணம் உப்பை அளந்து கலந்து ஓட்டிப் பார். உனக்குத் தனி உரிமை உண்டு என்றேனே, அது இந்த உப்பால்தான். வினையூக்கியைக் கழுவி, இரண்டாம், மூன்றாம் தடவையும் ஓட்டு. எண்கள் இறங்கினாலும் மறைக்காமல் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்