கிணற்றடியில் காரணம் தேடுதல்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உயர்தரச் செயற்றிட்டத்துக்கு நைத்திரேற்றை எடுத்தது நல்லது, பிள்ளை. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையை, லீற்றருக்கு 50 மில்லிகிராமை, தாண்டுகிறது. “ஆகவே பசளைதான் காரணம்” என்று நீ எழுதியிருப்பதுதான் அவசரம்.

தோட்டத்துக்குள்ளேயே வீடும் இருக்கிறதே. பின்வளவில் மலசலகூடக் குழி, பக்கத்தில் மாட்டுக் கொட்டில். அவையும் நைதரசனை இறக்குகிற இடங்கள்தான். பசளை குறைந்து குழி கிட்ட உள்ள கிணறுகளையும், பசளை கூடிக் குழி தூர உள்ள கிணறுகளையும் தேடிப் பிடி. தூரத்தை நாடா பிடித்து அள. வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை எழுதாதே. எல்லாக் கிணற்றிலும் ஒரே கிழமைக்குள் தண்ணீர் எடு. ஒன்றை ஆவணியிலும் மற்றதை மார்கழியிலும் எடுத்தால், நீ அளந்தது மாரி மழையைத்தான்.

ஒரே ஒரு வேறுபாடு மட்டும் உள்ள இடம் லேசில் அகப்படாது. 1854இல் ஜோன் சினோ என்ற வைத்தியருக்கு லண்டனில் அகப்பட்டது. ஒரே தெருக்களுக்கு இரண்டு கம்பனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒன்று நகரக் கழிவு சேர முன்னரே, தேம்ஸ் ஆற்றின் மேற்பக்கத்தில் எடுத்தது. மற்றது கழிவு கலந்த இடத்தில். 10,000 வீடுகளுக்கு வாந்திபேதிச் சாவு முன்னதில் 37, பின்னதில் 315. அயலவர்கள் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து நவம்பரில் விலக்கியதே, அதுவும் அப்படித்தானே என்று கேட்பாய். எனக்கு நம்பிக்கையில்லை. எவர் வீட்டில் எத்தனை மூடை மிச்சம் கிடந்ததோ! அடுத்த வருஷம் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்றவர்கள் வழமைபோலத் தண்ணீர் இறைத்திருப்பார்களா?

ஆகையால் நீயே ஒரு சோதனை செய். அப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் 12 பாத்தி கேள். ஆறுக்கு வழமையான யூரியா, ஆறுக்கு அரைவாசி. எந்தப் பாத்திக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடு. அப்பாவிடம் விட்டால் வாய்க்கால் வாயில் உள்ள நல்ல பாத்திகளுக்கே முழுப் பசளையும் போவதை நான் அறிவேன். விளைச்சல் கூடினால் அது தண்ணீராலா, யூரியாவாலா?

இதில் கிணற்று நீரை அளந்து பயனில்லை. கீழே சுண்ணக்கல், வெடிப்பும் குகையுமாக. எல்லாப் பாத்தியின் வடிநீரும் அயலவன் தோட்டத்ததும் ஒன்றாகத்தான் கலக்கும். நட முன்னரே ஒவ்வொரு பாத்தியிலும் வேருக்குக் கீழே ஒரு சட்டியைப் புதைத்து, குழாய் வைத்து வடிநீரை உறிஞ்சி எடு. வெங்காயத்தையும் நிறுத்துவை, அப்பா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

போத்தல்களில் இலக்கம் மட்டும் எழுது. எது எந்தப் பாத்தி என்ற தாளை அளந்து முடியும்வரை தோழியிடம் கொடுத்துவை.

அன்புடன்,
சித்தப்பா