வீட்டில் மருந்து கொடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை நோயாளியின் கைக்கு வருவதற்குள் பயிற்சி பெற்ற நர்ஸ் அதைச் சரிபார்த்துவிடுவார். வீட்டில் அந்த வேலை மருமகளுக்கோ, பேரனுக்கோ, கண் மங்கிய தாத்தாவுக்கோ வந்து சேர்கிறது. நர்சிங் மாணவிகள் முதலில் மனப்பாடம் செய்வது ஐந்து விஷயங்களை: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வீட்டுக்கும் இதே ஐந்துதான்.

1. மருந்தின் பெயரை மூன்று முறை படியுங்கள். அட்டையை எடுக்கும்போது, மாத்திரையைப் பிரிக்கும்போது, அட்டையைத் திரும்ப வைக்கும்போது. வார்டில் இப்படித்தான் செய்கிறார்கள். "காலையில் அந்த ரோஸ் மாத்திரை, ராத்திரி வெள்ளை" என்று நிறத்தை வைத்து அடையாளம் சொல்லிப் பழக்காதீர்கள். அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் நிறம் மாறிவிடும்.

2. அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைப் படித்தால்தான் இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பது தெரியும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் மாத்திரையில் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்திருக்கும். 'எச்' என்றால் சிறுநீரைக் கூட்டும் மருந்து சேர்ந்திருக்கும். மூன்றும் ஒன்றல்ல.

3. காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடைசி வரை வெட்டாதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிரித்துக்கொண்டு வாருங்கள். கடையில் பாதி அட்டையாக வெட்டிக் கொடுத்தால், பெயரும் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது பலருக்கும் தெரியும். ஆபத்து வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்தில் இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. அதோடு எழுதப்படும் ஃபோலிக் ஆசிட் மற்ற நாட்களில் சாப்பிடுவது. இரண்டுமே சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதுண்டு. மாற்றிப் போட்டு மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் விழுங்கினால் வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். அட்டையின் மேல் மார்க்கர் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்பதுபோல் கிழமையைப் பெரிதாக எழுதி, தனி டப்பாவில் வையுங்கள்.

5. குழந்தையின் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுக்கும்போது கணக்கு வயதில் இல்லை, எடையில் இருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லி போதும். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லிக்கு 120 உள்ளதென்றால் சுமார் 6 மில்லி. சிரப் தீர்ந்துபோய்ச் சொட்டு மருந்தை வாங்கி வந்து, பழைய பழக்கத்தில் அதே 6 மில்லியைக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும். பாட்டிலை மாற்றினால் அளவையும் மாற்றிக் கேளுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பது இந்த வீடு அந்த வீடு என்றில்லாமல் நடக்கிறது.

6. சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோதான் அளவு.

7. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்காதீர்கள். மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகமே 2025 அக்டோபரில் இதை அறிவுறுத்தியிருக்கிறது.

8. இன்சுலின் போடுபவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு 'யு-40' சிரிஞ்ச்; மூடி பொதுவாகச் சிவப்பு. பேனாவில் போடும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 'யு-100' சிரிஞ்சின் மூடி பொதுவாக ஆரஞ்சு. 40 யூனிட் குப்பியிலிருந்து யு-100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை ஏறும். பேனா மருந்தை யு-40 சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை விழுந்து நினைவு தப்பிவிடும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு ஊசியைக் குத்துங்கள். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

9. சுகர் மருந்து சாப்பிடுபவர் விரதம் இருப்பதற்கு முன் டாக்டரைக் கேட்கட்டும். கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தால் மத்தியானத்துக்குள் வியர்த்து, கை நடுங்கும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

10. பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்ற எழுத்துகள் உள்ள மாத்திரையைப் பொடி செய்யாதீர்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்கு மாற்று மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

11. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அதற்கு 4 மணி நேரம் தள்ளி.

12. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் கருவியில் போடும் கேப்சூலை விழுங்கிவிடும் பெரியவர்கள் உண்டு. முதல் சில நாட்கள் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லிப் பாருங்கள்.

13. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுத்து ஈடுகட்டாதீர்கள்.

14. டெங்கு பரவும் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் போகட்டும்.

15. குழந்தைக்கு மருந்து கொடுக்க "மிட்டாய்" என்று ஆசை காட்டாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அது மிட்டாயைத் தேடும்.

16. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும், சித்த மருந்துச் சூரணங்கள் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். யாராவது தவறான மருந்தையோ அதிக மருந்தையோ சாப்பிட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து, சாப்பிட்ட மருந்தின் காலி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். என்ன மருந்து, எத்தனை, எப்போது என்ற மூன்றையும் டாக்டர் முதலில் கேட்பார்.