ஏர் ஆம்புலன்ஸில் ஏறும் தங்கைக்கு



செவிலியர் ஆண்டு மலரில், ஏர் ஆம்புலன்ஸ் நர்ஸ் ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஐ.சி.யூ. அனுபவம், பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். உயிர்காப்புப் பயிற்சிகள் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. விமான செவிலியருக்கான அமெரிக்காவின் சி.எஃப்.ஆர்.என். தேர்வுக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய். கேபின் அழுத்தத்துக்கு ஒரே வரி: 'உயரத்தில் வாயு விரிவடையும்.' எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

எவ்வளவு விரியும்? எதற்குள் விரியும்? கேபினில் 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தம் இருந்தால், தரையில் அடைத்த காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். மூச்சுக்குழாய் டியூபின் காற்றுப்பையை, அதாவது கஃப்பை, 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்தில் வைத்துத்தானே நோயாளியை ஏற்றினாய்? மேலே போனதும் அது தொண்டைக்குள் மூச்சுக்குழாயை நெரிக்கும். காற்றைக் குறைத்தவள் இறங்கும்போது மறுபடி ஏற்றாவிட்டால் கசியும், வென்டிலேட்டர் அலறும். கஃப் மேனோமீட்டரைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துப் பறக்கிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது.

தொடர் பயிற்சி என்று நீ எழுதியிருப்பது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிப்பதை. ஏ.சி. அறையில் பொம்மையின் நெஞ்சை அமுக்கினால் ஆயிற்றா? ஹெட்செட் மாட்டி, பெல்ட் போட்டு, நோயாளியின் ஒரு பக்கம் மட்டுமே கை எட்டும் இடத்தில் சக்‌ஷன் போட்டுப் பழக வேண்டாமா?

ஆக்சிஜன் கணக்கும் உன் கட்டுரையில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வார்டில் ஒரு மேட்ரன் இருந்தார். நடந்துகொண்டே கேட்பார்: "1,500 லிட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு 10 லிட்டர். எவ்வளவு நேரம் வரும்?" 150 நிமிஷம் என்போம். "லிஃப்டுக்குக் காத்திருக்கிறது, வழியில டிராஃபிக், அதுக்கெல்லாம் உங்க அப்பன் வீட்டு ஆக்சிஜனா?" என்பார். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் ஓடுபாதையில் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் அவர் குரல்தான் எனக்குக் காதில் விழும்.

ஆனால் ஒன்று: ஹெலிகாப்டர் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாமல் போக, நெஞ்சின்மேல் கைவைத்து மூச்சை எண்ணினாயே, அந்தப் பத்தி! அப்படி எழுத எங்கள் தலைமுறையில் ஒருத்திக்கும் வராது. மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

இரண்டாம் பகுதி அடுத்த மலரில் வரும் என்று போட்டிருக்கிறது. அதில் சான்றிதழ் பட்டியல் வேண்டாம். ஆக்சிஜன் கணக்கைப் போடு, கஃப்பைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுது. அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு.

உன் அக்கா