விண்டோஸோடு வீடு மாறலாம்

சி டிரைவில் சிவப்புக் கோடு வந்துவிட்டால், 'ஃபார்மட் பண்ணிட்டு புதுசா விண்டோஸ் போட்டுடலாம்' என்றுதான் பலரும் சொல்வார்கள். தேவையே இல்லை. கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர் டிரைவர் என்று வருடக்கணக்கில் சேர்த்ததை மறுபடி நிறுவ இரண்டு நாள் ஓடிவிடும். பழைய டிஸ்க்கை அச்சு அசலாகப் பெரிய டிஸ்க்கில் நகலெடுத்து மாட்டினால் போதும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினியை 1 டிபி எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதை வைத்துச் சொல்கிறேன்.

2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அப்படியே உட்காரும். கூடவே சாட்டாவை யூ.எஸ்.பி. 3.0-வில் இணைக்கும் கேபிள் ஒன்று, பென்டிரைவ் ஒன்று. கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்: 300 ஜிபி தகவலுக்கு 3.0-வில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பழைய 2.0-வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். புதிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

நகலெடுக்கும் முன் படங்கள், ஆவணங்களை வேறொரு டிஸ்க்கில் போட்டுவையுங்கள். பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் நகலெடுப்பதை ஒத்திவைத்து, முதலில் முக்கியமான கோப்புகளை மட்டும் மீட்டுவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கைப் பல மணி நேரம் ஓட வைத்தால் அதிலேயே அது போய்விடலாம்.

அடுத்து விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 11-இல் நாம் கேட்காமலேயே குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, குறியாக்கத்தை முழுவதும் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் பிறகு சி டிரைவைப் பெரிதாக்கும்போது தடுமாறுவீர்கள். கடைசியில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நிற்காமல் முழுதாக அணையும்.

நான் நம்பிப் பயன்படுத்துவது குளோன்ஸில்லா. தைவானில் உருவான இலவச மென்பொருள். ரூஃபஸ் என்ற கருவி மூலம் அதை முன்கூட்டியே பென்டிரைவில் ஏற்றிவைத்து, புதிய டிஸ்க்கைக் கேபிளில் இணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்குங்கள். 'டிவைஸ்-டிவைஸ்', 'பிகினர்', பிறகு முழு டிஸ்க்கிலிருந்து முழு டிஸ்க்குக்கு என்ற வரி. பார்ட்டிஷன் பட்டியலை மூலத்தில் உள்ளபடியே வைக்கும் தேர்வை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த டிஸ்க்குக்கு என்று கேட்கும் திரையில்தான் கை நிற்க வேண்டும். இங்கே மாற்றிச் சொன்னால் வெற்று டிஸ்க் உங்கள் பத்து வருடப் படங்களின் மேல் எழுதப்படும். ஒரு வீட்டில் செய்தபோது இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி. திரையில் இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தன. அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு துண்டுத் தாள். பெட்டியைப் பிரித்ததுமே புதிய டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை அதில் குறித்திருந்தேன். அளவு, மாடல், அந்த நான்கு இலக்கம் மூன்றும் பொருந்திய பிறகே 'y' அழுத்தினேன். குளோன்ஸில்லா இரண்டு முறை கேட்கும். இரண்டு முறையும் தாளைப் பாருங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டே வைத்திருங்கள்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுத் துவக்குங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டிய நிலையில் விண்டோஸைத் துவக்காதீர்கள்; அடையாள எண் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அது குழம்பும். துவங்காவிட்டால் பயாஸில் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா பாருங்கள்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாதி இடம் காலியாகத் தெரியும். சி-க்கு அடுத்தே காலி இடம் இருந்தால் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' போதும். பெரும்பாலும் நடுவில் மீட்பு பார்ட்டிஷன் மறித்துக்கொண்டு நிற்கும். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றித் துவக்கி, மீட்பு பார்ட்டிஷனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு சி-யை விரியுங்கள். டிஸ்க்கின் முழு இடமும் பயன்படவில்லை என்று அது எச்சரித்தால் 'ஃபிக்ஸ்' கொடுக்கலாம்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். புதியதில் எல்லாம் சரியாக ஓடினால், விண்டோஸ் துவங்கிய பிறகு பழையதை அந்த யூ.எஸ்.பி. கேபிளிலேயே மாட்டி ஃபார்மட் செய்யுங்கள். பேக்கப் டிஸ்க் தயார்.