மலைக் காற்றில் நம் பாட்டு

கேள்வி: சமூக வானொலியில் என் விருப்பத்துக்குப் பாட்டுப் போட்டு நிகழ்ச்சி நடத்த ஆசை. முடியுமா? – குன்னூர் வாசகர்

பதில்: தாராளமாக முயலுங்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் 'ரேடியோ கோத்தகிரி' 90.4 எஃப்.எம். இருக்கிறது, நேரில் போய்ப் பேசுங்கள். சினிமாப் பாட்டை எல்லா நிலையமும் போடுகிறது, அதற்கு உரிமத் தொகை வேறு கட்ட வேண்டும். அதற்குப் பதில், கோத்தர்களின் குழலும் கொம்பும், படுகர் பாட்டு, இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டக் குடும்பத்துப் பாட்டிகளின் தாலாட்டு என்று ஒன்றையடுத்து ஒன்றாக விடுங்கள். அந்தச் சுதந்திரம்தான் சமூக வானொலியின் அழகு! பாடியவரிடம் அனுமதி வாங்கி, பெயரையும் ஊரையும் ஒலிபரப்பில் சொல்லுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது பதிவு வேண்டாம், குரல் அமுங்கிவிடும். அலை எட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர். குறுக்கே மலை நின்றால் இன்னும் குறையும். ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதுபோலவே பேசுங்கள்.