ஈரக் கைக்கு எந்தப் பிடி?

கேள்வி: ஏலக்காய் வியாபாரம் எனக்கு. வயது 52. மாதத்தில் இரண்டு ஞாயிறு போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய், எஸ்டேட் நண்பர் ஒருவரின் விருந்தாளியாக ஹைரேஞ்ச் கிளப்பின் 9 குழி மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறேன். வேலையை விட்டுப் போன மேனேஜர் ஒருவரிடம் வாங்கிய பழைய செட். கிரிப் ரப்பரெல்லாம் இறுகி மினுமினுவென்று இருக்கிறது. போன ஆவணிச் சாரலில் வீசியபோது செவன் ஐயன் கையை விட்டு நழுவி, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. தடிமனாகப் போடச் சொல்கிறார் ஒருவர். நூல் வைத்த கிரிப்தான் சரி என்கிறார் இன்னொருவர். சென்னையில் கடைக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தேன், எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. பதின்மூன்று கிளப்புக்கும் ஒரே வகையாக வாங்கிவிடலாமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வாங்காதீர்கள். மூன்று மட்டும் வாங்குங்கள். அதுவும் மூன்றும் வெவ்வேறாக.

கடையில் எல்லாமே நன்றாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. ஏசி ஓடுகிற அறையில், உலர்ந்த கையில், பந்தே இல்லாமல் பிடித்தால் எந்த ரப்பரும் நல்ல ரப்பர்தான். ஏலத்துக்கு முன்னால் மாதிரிக் காயைப் பிரித்துக் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்க்காமல் ஒரு லாட்டுக்காவது நீங்கள் விலை சொல்வீர்களா? கிரிப்புக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

அதற்கு முன், இருக்கிற ரப்பர் செத்துவிட்டதா, வெறும் அழுக்கா என்று பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வியர்வையும் கை எண்ணெயும் படிந்ததால் வந்த வழுவழுப்பு என்றால் பாதி உயிராவது திரும்பிவிடும். கழுவிய பிறகும் நகத்தால் அழுத்தினால் கொடுக்காமல் பளபளத்தால் அது முடிந்த கதை. 40 ஆட்டத்துக்கு ஒரு தடவை அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். நீங்கள் ஆடும் கணக்குக்கு அது இன்னும் நீளலாம். ஆனால் ரப்பர் ஆடாமல் இருந்தாலும் மூப்படையும். வெயிலும் சூடும் அதற்கு எதிரி. போடியில் சித்திரை வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் பையைப் போட்டு வைத்திருந்தால் இப்போதே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள்.

இனி எதைப் போடுவது? 1950-களுக்கு முன் தோல் வாரைச் சுற்றித்தான் பிடி கட்டினார்கள். 1925-இல் தொடங்கிய லாம்கின் கம்பெனி தோல் கிரிப்பில்தான் பேர் வாங்கியது. பிறகு, குழாய் மாதிரி அப்படியே ஏற்றிவிடுகிற ரப்பர் கிரிப் வந்து தோலை ஓரங்கட்டியது. இன்று கடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்று சாதி. ஒன்று வெறும் ரப்பர். கோல்ஃப் பிரைடின் டூர் வெல்வெட், லாம்கினின் கிராஸ்லைன் போல. இரண்டாவது, ரப்பருக்குள் பருத்தி நூலைக் கலந்து வார்த்த கார்டு கிரிப். மூன்றாவது பாலியூரித்தேன் பட்டை சுற்றிய மெத்தென்ற வகை. விரலுக்கு இதம், ஆனால் சீக்கிரம் தேயும். இவை தவிர, மேல் கை வருமிடத்தில் மட்டும் நூலும் கீழ்க் கைக்கு வெறும் ரப்பருமாகக் கலந்து கட்டியதும் உண்டு.

மலைச் சாரலில் ஆடுகிறவருக்கு நூல் வைத்ததே பொருத்தம் என்று உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை. ஈரத்தில் ரப்பரின் மேல் ஒரு நீர்ப்படலம் நின்றுவிடும். நூலின் சொரசொரப்பு அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு தோலைப் பற்றும். மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்களைப் பாருங்கள், கத்திப் பிடியில் சைக்கிள் டியூப்போ சணலோ சுற்றி வைத்திருப்பார்கள். அதே காரணம்தான். ஆனால் அவர்கள் கை வேறு, உங்கள் கை வேறு. நாள் முழுக்க பேனாவும் போனும் பிடிக்கிற கைக்கு முழு நூல் கிரிப் அரம் மாதிரி உராயும். கட்டை விரலடியில் கொப்புளம் கண்டதும் மனசு தானாகப் பிடியைத் தளர்த்தும். பிறகு நழுவும் என்ற பயத்தில் இறுக்கும். உங்களுக்கு நான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வது அந்தக் கலப்பு வகையைத்தான். மேலே வரும் இடது கையில்தான் கிளவுஸ் இருக்கிறது, அங்கே நூல் உராய்ந்தால் கிளவுஸ் வாங்கிக்கொள்ளும். (வலது கை ஆட்டக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன், இல்லையென்றால் மாற்றிப் படியுங்கள்.)

அளவு விஷயத்துக்கு வருவோம். சாதாரண ஆண்கள் கிரிப் என்றால், மேல் மூடியிலிருந்து 2 அங்குலம் கீழே அளந்தால் விட்டம் 0.900 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 23 மில்லி. மிட்சைஸ் என்பது அதைவிட அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தடிமன். ஜம்போ 8-இல் ஒரு பங்கு. அடியில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் கூடுதலாக ஒட்டினால் 64-இல் ஒரு பங்கு ஏறும், அது வெறும் 0.4 மில்லி. இவ்வளவு பொடிக் கணக்கா என்று வேறு ஊர்க்காரர் சிரிக்கலாம். சல்லடை போட்டு 7 மில்லிக் காயையும் 8 மில்லிக் காயையும் பிரித்து, அந்த ஒரு மில்லிக்குத் தனி விலை சொல்கிற ஊர் உங்களுடையது. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

பழைய சோதனை ஒன்று இருக்கிறது: கிளவுஸ் போட்ட இடது கையால் பிடியுங்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். உள்ளே குத்தினால் பிடி மெலிசு. இடைவெளி விழுந்தால் தடிமன். தொடங்குவதற்கு இது போதும், தீர்ப்பு எழுதப் போதாது.

தடிமனாகப் போட்டால் பந்து வலப்பக்கம் போகும், மெலிசாகப் போட்டால் இடப்பக்கம் திரும்பும் என்ற பேச்சு எல்லா கிளப் வராந்தாவிலும் உண்டு. தடித்த பிடி மணிக்கட்டைக் கட்டிவிடும் என்பது அதன் தர்க்கம். நான் இதைப் பாதிதான் நம்புகிறேன். கோல்ஃப் வீரர் பப்பா வாட்சன் தன் கிரிப்புக்கு அடியில் பல சுற்று டேப் ஏற்றித் தடிக்கவைத்து ஆடுகிறவர். 2012 மாஸ்டர்ஸ் பிளேஆஃபில் மரங்களுக்கு நடுவிலிருந்து பந்தைப் பாம்பு மாதிரி வளைத்து வெளியே எடுத்துப் பட்டம் வாங்கியவரும் அவர்தான். தடிமன் மணிக்கட்டைக் கட்டியிருந்தால் அந்த ஷாட் எங்கிருந்து வந்தது? அளவைக் கைக்காகத் தேர்ந்தெடுங்கள். பந்து வளைவதைச் சரிசெய்ய வாத்தியாரிடம் போங்கள்.

எடையையும் பாருங்கள். வழக்கமான கிரிப் சுமார் 50 கிராம். அதைவிட 5 கிராம் கூடினால் சுவிங் வெயிட் கணக்கில் ஒரு புள்ளி இறங்கி, கிளப்பின் தலை இலேசாகத் தெரியும். மிட்சைஸ் போட்டபின் ‘கிளப் முன்னே மாதிரி இல்லையே’ என்று தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்போது அந்த மூன்று கிரிப். வெறும் ரப்பர் ஒன்று, கலப்பு ஒன்று, முழு நூல் ஒன்று. அளவு மூன்றுக்கும் ஒன்றே. சிக்ஸ், செவன், எயிட் ஐயன்களில் போடுங்கள். நீளம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் பிடியினுடையதாகத்தான் தெரியும். மைதானத்தில் எது எதில் இருக்கிறது என்று பார்க்காமல், கேடியைப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். (நம் பக்கத்தில் கேடி என்றால் போலீஸ் பட்டியல்காரன். கோல்ஃபில் பையைச் சுமந்து நல்ல புத்தி சொல்கிறவர்.) உலர்ந்த கையில் பத்துப் பந்து. பிறகு கையையும் கிரிப்பையும் தண்ணீரில் நனைத்து, துண்டால் ஒரு தடவை மட்டும் துடைத்துவிட்டுப் பத்துப் பந்து. இரண்டாவது பத்தில்தான் விஷயம் இருக்கிறது. பந்து எங்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டாம், முன்கையைக் கவனியுங்கள். எந்தப் பிடியில் உங்களை அறியாமல் இறுக்குகிறீர்களோ அதைத் தள்ளுங்கள். இறுக்கினால் முன்கை மரக்கட்டையாகி, கிளப்பின் தலை சுழல வேண்டிய நேரத்தில் சுழலாது. உங்கள் செவன் ஐயன் பறந்துபோனது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். அது பறந்துவிடக் கூடாது என்று இறுக்கியதில் இத்தனை நாள் வீணான ஷாட்டுகளை யார் எண்ணியிருக்கிறார்கள்?

இதையெல்லாம் போடியில் செய்து பார்க்காதீர்கள். அடிவாரத்து உஷ்ணத்தில் இளகிக் கையோடு ஒட்டுகிற ரப்பர், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் இறுகிக்கொள்ளும். மூணாற்றிலேயே, முடிந்தால் மஞ்சு இறங்குகிற சாயங்காலத்தில் பாருங்கள். தமிழில் பிடி என்றால் பெண் யானையும்தான். அந்த நேரத்தில் பூப்பாறைப் பாதையில் அந்தப் பிடியும் எதிரே வரலாம், திரும்பும்போது வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: கிரிப்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா? இங்கே இதற்கென்று கடை கிடையாது.
— எஸ்டேட் அலுவலர், பூப்பாறை

பதில்: முடியும், கஷ்டமான வேலை இல்லை. பழையதைக் கொக்கி மாதிரி வளைந்த பிளேடால், உடம்புக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கிழியுங்கள். ஷாஃப்ட் கிராஃபைட் என்றால் நேர் பிளேடைத் தொடவே வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு அங்கே முறியும். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருபுறமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டுங்கள். கிரிப்பின் மூடித் துளையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே பெயிண்ட் கடை டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே மூச்சில் ஏற்றுங்கள். பாதியில் யோசித்தால் அங்கேயே நின்றுவிடும். கோடு நேராக இருக்கிறதா என்று உடனே பார்த்துத் திருப்பிக்கொள்ளுங்கள். சமவெளியில் நாலைந்து மணி நேரத்தில் காய்வது உங்கள் குளிரில் காயாது, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். டர்பன்டைன் கிடைக்கவில்லை என்று பெட்ரோலை எடுக்காதீர்கள். பற்றிக்கொள்ளும்.

மேலே போடி வாசகருக்குச் சொன்ன மாதிரி போட்டுக் கழற்றிப் பார்ப்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது. மேற்பக்கம் ஒட்டாத மாஸ்கிங் டேப்பைச் சுற்றிவிட்டு, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் ரப்பர் முனை வைத்த ஏர் கன்னால் மூடித் துளை வழியே காற்றடித்தால் ரப்பர் சற்று உப்பி வழுக்கிக்கொண்டு ஏறும், காற்றை நிறுத்தியதும் கவ்விக்கொள்ளும். அதே மாதிரி கழற்றவும் செய்யலாம், கிரிப் கெடாது. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்து ஒன்றை வெடிக்கவைத்த அனுபவம் எனக்கே உண்டு. கடைக்காரப் பையன் ஒரு வாரம் சிரித்தான்.

கேள்வி: அப்பாவின் பழைய கிளப்பில் கிரிக்கெட் மட்டை ரப்பரை மாட்டலாமா? இல்லையென்றால் எம்-சீல் வைத்து என் விரல் அச்சைப் பதித்துக்கொள்ளலாமா?
— பிளஸ் ஒன் மாணவர், தேனி

பதில்: மட்டைக் கைப்பிடி எங்கே, 15 மில்லி ஷாஃப்ட் எங்கே! அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி தொங்கும். எம்-சீல் யோசனை அருமைதான், ஆனால் உங்களுக்கு முன்பே பலருக்கு அது தோன்றியிருக்கும் போல, விதியில் தடுத்தே வைத்திருக்கிறார்கள். கையின் எந்தப் பகுதிக்கும் ஏற்ப அச்சு வார்த்த பிடி கூடாது. பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டரைத் தவிர மற்ற கிளப்பில் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும். முழு நீளத்துக்கும் நேராக ஓடுகிற ஒரு சின்ன வரம்பு மட்டும் அனுமதி. விரல் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு அந்த வரம்பு வைத்த கிரிப்பே போதும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மூட்டுவாதம். கொடைக்கானலில் நாற்பது வருடமாக ஆடுகிறேன், இப்போது விரலை மடக்கினாலே வலி. விட்டுவிட வேண்டியதுதானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: விட வேண்டாம் டீச்சர். 1895-இல் தொடங்கிய கிளப் அது, இன்னும் காட்டுமாடுகள் கூட ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வருகின்றன. முழு நூல் கிரிப்பை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். மெத்தென்ற வகையில், இப்போது பிடிப்பதைவிட ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். தடித்த பிடியைப் பற்ற விரல் குறைவாக மடங்கினால் போதும்; வாதக்காரர்களுக்குக் கரண்டிக் காம்பைத் தடிமனாக்கிக் கொடுப்பதும் இதற்காகத்தான். கீழ்க் கைக்குக் கூடுதலாக நாலு சுற்று டேப் ஏற்றினால் பிடி கீழே மெலியாமல் நிற்கும், வலது கையால் நெரிக்கத் தோன்றாது. ஈரமான நாளில் இரண்டு கைக்கும் மழைக் கிளவுஸ் போடுங்கள், அது நனைந்தால்தான் நன்றாகப் பற்றும். முதலில் ஒரே ஒரு கிளப்பில் போட்டு, மறுநாள் காலையில் விரல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.